மார்சேய்த் துறைமுகத்தில் இறங்கிய சிப்பாயைத் தேடும் வழி

முதலாம் உலகப் போருக்காக இந்தியாவிலிருந்து கப்பலேறிய லாகூர் டிவிஷனின் முதல் அணிகள், 1914 செப்டம்பர் 26 அன்று பிரான்சின் மார்சேய்த் துறைமுகத்தில் இறங்கின. அப்படையில் சென்ற ஒரு முன்னோரைத் தேடுபவர்கள் பெரும்பாலும் பெயரைக் கொண்டு தொடங்கிப் பாதியிலேயே சோர்ந்துவிடுகிறார்கள். ஒரே பெயரில் பல சிப்பாய்கள் இருந்தார்கள். ஆங்கிலத்தில் அப்பெயர் பலவாறாக எழுதப்பட்டது. ஆகவே அவர் இருந்த ரெஜிமென்டை, அதாவது படைப்பிரிவை, முதலில் கண்டறியுங்கள்.

அதற்கு வீட்டுப் பழைய பெட்டியில் இருக்கும் பதக்கமே நல்ல தொடக்கம். குறுக்காக இரண்டு வாள்களும் நடுவில் 1914 என்ற ஆண்டும் உள்ள வெண்கல நட்சத்திரம் கிடைத்தால், அதைத் தேய்த்துப் பளபளப்பாக்காமல், சாய்ந்த வெளிச்சத்தில் பின்புறத்தைப் பாருங்கள். எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். 1914 ஆகஸ்ட் 5 முதல் நவம்பர் 22 நள்ளிரவு வரை பிரான்சிலோ பெல்ஜியத்திலோ பணியாற்றியவர்களுக்கே அது வழங்கப்பட்டது. ஆண்டு 1914-15 என்றிருந்தால் அவர் பிந்தி வந்தவராகவோ வேறு போர்முனைக்குச் சென்றவராகவோ இருக்கலாம். ரெஜிமென்டின் 1914ஆம் ஆண்டுப் பெயரையே குறித்துக்கொள்ளுங்கள். 1922இல் நடந்த இந்தியப் படையின் சீரமைப்பில் ரெஜிமென்டுகளின் எண்கள் மாறின, 39ஆம் கர்வால் ரைபிள்ஸ் 18ஆம் எண்ணைப் பெற்றது இவ்வாறுதான்.

அடுத்து, லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தின் டபிள்யூஓ 95 (WO 95) என்ற ஆவண வரிசையில் அந்த ரெஜிமென்டின் போர் நாட்குறிப்பை, அதாவது படைப்பிரிவு நாள்தோறும் எழுதிவைத்த பதிவை, தேடுங்கள். மார்சேயில் பழைய துப்பாக்கிகளை ஒப்படைத்துப் புதியவற்றைப் பெற்றது, ரயிலில் ஓர்லேயானுக்குச் சென்றது, பிறகு கடுங்குளிருக்கு ஏற்ற உடை போதாமல் பதுங்குகுழிகளில் நின்றது ஆகிய கட்டங்களை நாள்வாரியாகத் தொடர்வதற்கு இதைவிட நெருக்கமான ஆவணம் இல்லை. ஆனால் பிரிட்டிஷ் அதிகாரிகளைப் பெயர் சொல்லிக் குறிக்கும் அதே பக்கம், மாண்ட சிப்பாய்களைப் பெரும்பாலும் எண்ணிக்கையாகவே குறிக்கிறது. படிக்கும்போது மனம் கசக்கும். ஆனாலும் தேதிகளைக் குறித்துக்கொண்டு மேலே செல்லுங்கள்.

அவர் போரில் இறந்திருந்தால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் ரெஜிமென்டையும் அந்தத் தேதிகளையும் இட்டுத் தேட வேண்டும். பல பதிவுகளில் தந்தையின் பெயரும் ஊரும் மாவட்டமும் உண்டு. ஒரே பெயருடைய இருவரைப் பிரித்தறிய அந்த ஒரு வரியே உதவும். கல்லறை கிடைக்காத 4,700க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பிரான்சில் உள்ள நவ் ஷப்பேல் நினைவிடத்தில் உள்ளன.

சிப்பாய்களின் கடிதங்களைத் தணிக்கையாளர்கள் மொழிபெயர்த்து எடுத்துவைத்த பகுதிகள் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. தணிக்கைக்கு அஞ்சி, இந்தியரைக் கறுப்பு மிளகு என்றும் வெள்ளையரைச் சிவப்பு மிளகு என்றும் மறைத்து எழுதியவர்கள் உண்டு என்பதால், சாதாரணமாகத் தோன்றும் வரியையும் இரண்டாம் முறை படியுங்கள்.

தமிழ்க் குடும்பத்தினர் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். சென்னை மாகாணப் படைகளில் பல, பிரான்சுக்குப் பதிலாக மெசபடோமியாவுக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் அனுப்பப்பட்டன. 63ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி 1914 நவம்பரில் இறங்கியது கிழக்கு ஆப்பிரிக்கத் துறைமுகமான டாங்காவில். அப்படையினரைத் தேடுவோர் கிழக்கு ஆப்பிரிக்க நாட்குறிப்புகளைக் கேட்டுப் பெற வேண்டும்.