கார் ஷெட் சுவரில் உப்பு பூக்கிறதா? பட்டி டப்பாவைத் திறக்காதீர்கள்

கிருஷ்ணகிரிப் பக்கம் காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டின் முன்பக்க அறையை ஷட்டர் போட்டு கார் ஷெட்டாக வைத்திருக்கிறோம். அதற்கும் ஹாலுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவரில் தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்கு வெள்ளையாக உப்பு பூத்து, பெயிண்ட் கொப்பளித்து, கை வைத்தால் பூச்சு மாவாக உதிர்ந்தது. முதலில் ஆள் வைத்து அதன் மேலேயே பட்டி (சுவரை வழவழப்பாக்கப் பூசுகிற வெள்ளைப் பசை) வைத்து பெயிண்ட் அடித்தோம், அடுத்த ஐப்பசி மழையில் பழையபடி ஆகிவிட்டது. அப்புறம் நானே உட்கார்ந்து செய்தேன். வேலை கஷ்டமில்லை, பொறுமைதான் வேண்டும்.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கீழே ஒரே பட்டையாக ஓடினால் மண்ணிலிருந்து ஏறுகிறது. நடுச்சுவரில் திட்டாக இருந்தால் பின்னால் பைப்போ பாத்ரூமோ கசிகிறது. மேல் மூலையில் என்றால் மொட்டை மாடியைப் போய்ப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் இரண்டடிக்கு இரண்டடி பிளாஸ்டிக் ஷீட்டை நான்கு பக்கமும் டேப் போட்டு சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். ஷீட்டுக்கு உள்பக்கம் முத்துமுத்தாகத் தண்ணீர் நின்றால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது.

கார் ஷெட்டில் மட்டும் இது ஏன் இவ்வளவு மோசம் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. கார் ஏற வேண்டும் என்பதால் ஷெட்டின் தரையை வீட்டுத் தரையைவிட ஒன்று, ஒன்றரை அடி தாழ்த்தி வைக்கிறோம். ஈரம் ஏறாமல் தடுக்கப் போடுகிற பெல்ட் கான்கிரீட் வீட்டுத் தரை மட்டத்தில்தான் இருக்கும். அப்படியானால் ஷெட்டுக்குள் நாம் பார்க்கிற அந்தக் கீழ்ப்பகுதி சுவரே அல்ல, வீட்டின் பேஸ்மெண்ட், அதாவது அடித்தளம். அதற்குப் பின்னால் இருப்பது ஹால் இல்லை, ஹாலுக்குக் கீழே கொட்டி நிரப்பிய கிராவல் மண். அதை எந்த பெயிண்டாலும் முழுதாக அடைக்க முடியாது, அடைத்தால் ஈரம் இன்னும் மேலே ஏறி பெயிண்ட் முடிகிற இடத்துக்கு மேலே பூக்கும். வெளிப்பக்கச் சுவரிலும் இதே கதை நடக்கலாம். எங்களுக்கு வெளியே கறிவேப்பிலைச் செடிக்காகக் குவித்த மண் ஷெட் தரையைவிட முக்கால் அடி உயரத்தில் இருந்தது, தினமும் அதற்குத் தண்ணீர் வேறு. மண்ணை வெட்டி எடுத்து, தண்ணீர் சுவரைவிட்டு வெளியே ஓடும்படி வாட்டம் வைத்ததிலேயே அந்தப் பக்கம் பாதி சரியாகிவிட்டது.

நேரம் முக்கியம். தை கடைசியிலிருந்து பங்குனிக்குள் செய்யுங்கள். மழைக்காலத்தில் சுவர் காயாது, சித்திரை வெயிலில் பூச்சு சீக்கிரம் உலர்ந்து விரிசல் விடும்.

இனி உடைப்பு. ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் வயர் ஓடும், மெயினை அணைத்துவிட்டுத்தான் உளியைத் தொட வேண்டும். கண்ணாடியும் மாஸ்க்கும் போடுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஈரம் தெரிகிற கோட்டுக்கு மேலே இன்னும் ஒரு அடி வரை பூச்சை செங்கல் தெரிய எடுத்துவிடுங்கள். அதற்கு மேலே கொத்தனார் கரண்டிக் காம்பால் தட்டிப் பாருங்கள், டொக்கு டொக்கென்று வெற்றுச் சத்தம் வருகிற இடமும் போக வேண்டியதுதான். செங்கல் இடுக்குகளில் அரை அங்குல ஆழத்துக்குச் சுரண்டிவிட்டால் புதுப் பூச்சு பிடித்துக்கொள்ளும். உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், கரைந்து மறுபடி உள்ளேயே போய்விடும், காய்ந்த கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி வெளியே கொட்டுங்கள்.

பிறகு ஒன்றும் செய்யாமல் விடுங்கள். மூன்று நான்கு வாரம், பகலில் ஷட்டரைத் தூக்கி வைத்து, சுவர் மூச்சு விடட்டும். வீட்டில் எல்லோரும் எப்போது முடியும் என்று கேட்பார்கள், இந்த இடத்தில்தான் பெரும்பாலும் வேலை கெடுகிறது. வாரம் ஒருமுறை புதிதாகப் பூக்கும் உப்பைத் தேய்த்து எடுங்கள்.

கீழே அந்த மூன்றடிப் பட்டைக்குப் பூச்சு: சிமெண்ட் 1, சுண்ணாம்பு 1, மணல் 6. வெறும் சிமெண்ட் பூச்சைவிட இதில் ஈரம் வெளியே வர வழி இருக்கும். கடையில் மூட்டையாகக் கிடைக்கிற நீர்த்த சுண்ணாம்புத் தூளே போதும், சுண்ணாம்புக் கல்லை வாங்கிக் கொதிக்க வைக்கிற வேலை வேண்டாம். சுண்ணாம்பையும் மணலையும் தண்ணீர் விட்டுக் கலந்து இரவு ஊற விடுங்கள், மறுநாள் அவ்வப்போது தேவையான அளவுக்கு மட்டும் சிமெண்ட் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குள் பூசி முடியுங்கள். 16 அடி நீளம், 3 அடி உயரச் சுவருக்கு அரை மூட்டை சிமெண்டும் ஏறக்குறைய 4 கன அடி மணலும் ஆகும். எம் சாண்டில் (கல்லை உடைத்துச் செய்கிற மணல்) பூச்சுக்கென்று விற்கிற பி சாண்டைக் கேட்டு வாங்குங்கள், கட்டு வேலைக்கான எம் சாண்ட் கரடுமுரடாக நிற்கும்.

தண்ணீர் விஷயத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல போர்வெல்களில் தண்ணீர் உப்பாக இருக்கும். அதில் கலவை போட்டால் நாமே சுவருக்குள் உப்பை வைத்துப் பூசுகிறோம். நான் குழாயில் வருகிற ஒகேனக்கல் தண்ணீரை இரண்டு குடம் பிடித்து வைத்துக் கலவைக்கு அதையே பயன்படுத்தினேன்.

சுவரை முதல் நாள் நனைத்து, தண்ணீர் வழியாத அளவுக்கு உலர்ந்ததும், கலவையைக் கரண்டியால் அழுத்தி வீசிப் பூசுங்கள். கனம் 12 மி.மீ. போதும், பள்ளம் அதிகமென்றால் இரண்டு தடவையாகப் போடுங்கள். மட்டக் கட்டையால் கீழிருந்து மேலே இழுத்து மட்டம் பார்த்து, மரத் தேய்ப்புக் கட்டையால் தேய்த்து விடுங்கள். மேலே சிமெண்ட் பாலை வழவழவென்று இழைக்காதீர்கள், அது மறுபடி மூடி போட்டதாகிவிடும். கான்கிரீட் பில்லரும் செங்கலும் சேருகிற இடத்தில் அரையடி அகலத்துக்குக் கோழி வலையை ஆணியடித்துவிட்டுப் பூசினால் அந்த நேர்க்கோட்டு விரிசல் வராது. ஏழு நாள் தண்ணீர் தெளியுங்கள், அதற்கும் நல்ல தண்ணீராக இருந்தால் நல்லது. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் எரித்துவிடும், கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

அந்த மூன்றடிக்கு மேலே உள்ள சுவர் சுலபம். பெயர்ந்த இடத்தில் 1:5 சிமெண்ட் பூச்சு, ஒரு மாதம் காய்ந்ததும் இரண்டு கை பட்டி, உப்புத்தாள், பிரைமர், பெயிண்ட். கீழ்ப் பட்டைக்குப் பட்டியும் வேண்டாம், பிளாஸ்டிக் பெயிண்டும் வேண்டாம், சுண்ணாம்பு மட்டும் அடியுங்கள்.

நம்ம ஊரில் கிரானைட் துண்டுகள் மலிவாகக் கிடைக்கும், அதை அந்த மூன்றடிக்கு ஒட்டிவிட்டால் அழகாக இருக்குமே என்று எல்லோரும் சொல்வார்கள். ஒட்டாதீர்கள், ஈரம் கல்லுக்குப் பின்னால் ஏறி நான்காவது அடியில் பூக்கும். அந்தத் துண்டுகளை ஷட்டருக்குக் கீழே வெளிப்பக்கம் சரிவாகப் பதியுங்கள், மழைத் தண்ணீர் உள்ளே வராது.

ஹாலுக்குப் போகிற சுவரில் பைப், வயர் நுழைகிற ஓட்டைகள் எல்லாவற்றையும் இந்த வேலையோடு அடைத்துவிடுங்கள். கார் புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, உள்ளே தூங்குகிறவர்களுக்குத் தெரியாது. ஆனால் வெளிப்பக்க வெண்டிலேட்டரை மட்டும் மூடாதீர்கள், ஷட்டரை இறக்கிவிட்டு இன்ஜினை ஓட விடவும் கூடாது.

இப்போதும் மழை முடிந்ததும் கீழே கொஞ்சம் வெள்ளையாகப் பூக்கிறது. காய்ந்த துடைப்பத்தால் தட்டிவிட்டு, பொங்கலுக்கு வெள்ளை அடிக்கிற நாளில் அந்த மூன்றடிக்கும் ஒரு கை சுண்ணாம்பு அடித்துவிடுகிறேன். பூச்சு உதிரவில்லை.