‘சாம் அண்ட் மேக்ஸ்’: முதல் அத்தியாயத்தின் சீஸ் புதிரைக் கடப்பது எப்படி?

ஸ்டீவ் பர்செல் 1987-இல் வெளியிட்ட காமிக்ஸில் பிறந்தவர்கள் சாமும் மேக்ஸும். சாம், கோட்டும் தொப்பியும் அணிந்த நாய். மேக்ஸ், முயல் போன்ற, அடங்காத ஒரு பிராணி. இருவரும் துப்பறிவாளர்கள். இவர்களை வைத்து உருவான ‘சேவ் தி வேர்ல்ட்’ என்ற ஆறு அத்தியாயக் கணினி விளையாட்டு 2006 அக்டோபர் முதல் 2007 ஏப்ரல் வரை தொடராக வந்தது. நான் பரிந்துரைப்பது 2020 டிசம்பரில் வந்த புதுப்பித்த பதிப்பை. ஒளியமைப்பும் உதட்டசைவும் அதில் மிக நேர்த்தி. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் இணையக் கடையிலும் கிடைக்கிறது, நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற விளையாட்டுக் கருவியிலும் கிடைக்கிறது. என் வாக்கு கணினிக்குத்தான். சின்னச் சின்னப் பொருள்களைத் தேடித் தொடும் விளையாட்டுக்கு மவுஸே பொருத்தம்.

நிறுவியதும் அமைப்புகளில் வசன வரிகளை இயக்கிவிடுங்கள். தமிழ் வரிகள் இல்லை. ஆனால் பேச்சு வேகமாகப் போவதால் ஆங்கிலத்தில் படித்தாலே பாதி நகைச்சுவை பிடிபடும்.

இனி புதிர். சாம், மேக்ஸின் அலுவலகத்தில் தொலைபேசி ஒலிக்கிறது, ஆனால் கருவியைக் காணோம். சுவரின் பொந்தில் வசிக்கும் ஜிம்மி என்ற எலி அதைத் திருடிவைத்துக்கொண்டு ஸ்விஸ் சீஸ் கேட்கிறது. அலமாரிக் கதவைத் திறந்தால் சீஸ் கட்டி இருக்கிறது. எலிக்கு அது வேண்டாம். ஸ்விஸ் சீஸ்தான் வேண்டும்.

ஒரு மாலை முழுவதும் நான் இங்கேதான் நின்றேன். அறையில் இன்னொரு சீஸ் ஒளிந்திருக்கிறது என்று நினைத்து மூலை முடுக்கெல்லாம் சொடுக்கிப் பார்த்தேன். ஸ்விஸ் சீஸ் என்றாலே அமெரிக்கர்களின் மனத்தில் வருவது துளைகள். நம் கடைகளில் வாங்கும் கட்டியிலும் ஸ்லைஸிலும் துளை இருப்பதில்லை என்பதால் எனக்கு அது தோன்றவே இல்லை. துளை என்று தெரிந்தவுடன் விடை கண்முன் நிற்கிறது: திரையின் கீழே உள்ள அட்டைப்பெட்டியை, அதாவது கைவசப் பொருள்கள் இருக்கும் பெட்டியைத் திறந்து சாமின் துப்பாக்கியை எடுங்கள், சீஸைச் சுடுங்கள். துளைத்த சீஸை எலியிடம் கொடுத்தால் தொலைபேசி கைக்கு வந்துவிடும்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். துப்பாக்கி இங்கே எதிரியைக் கொல்வதற்கு அல்ல, அது துளை போடும் கருவி. ‘இந்த அறையில் எது பொருந்தும்?’ என்று கேட்பதை விட, ‘இந்த இரண்டு பேர் என்ன செய்தால் சிரிப்பு வரும்?’ என்று கேட்டால் விடை விரைவில் கிடைக்கிறது. அப்போதும் வழி தெரியாவிட்டால் மேக்ஸிடம் பேசுங்கள். வழிகாட்டிப் பக்கங்களை விட மேக்ஸின் பேச்சு மேலானது. விடையை உடைக்காமல் திசையை மட்டும் காட்டும்.

வெளியே வந்ததும் போஸ்கோவின் கடைக்கும் மனநல ஆலோசகர் சிபிலின் அறைக்கும் போய், உரையாடலில் வரும் ஒவ்வொரு தேர்வையும் கேட்டு முடியுங்கள். அவசரப்பட்டுத் தாண்டினால் துப்பும் போகும், நல்ல வசனமும் போகும்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு விளையாடிய என் தங்கை போஸ்கோவிடம் மாட்டிக்கொண்டாள். அவர் விற்கும் கண்ணீர்ப்புகைக் கருவிக்குப் பெருந்தொகை வேண்டும், கையில் காசு இல்லை. தெருவில் நிற்கும் காரில் ஏறுங்கள். முன்னே போகும் வண்டியின் பின்விளக்கை முதலில் சுட்டு உடையுங்கள். பிறகு அந்த வண்டியை நிறுத்தி, விளக்கு எரியவில்லை என்று அபராதம் வசூலியுங்கள். மறுபடியும் அதே துப்பாக்கிதான்!

இன்னொரு சந்தேகம்: நான்காவது அத்தியாயம் பிரபலம், அதிலிருந்து தொடங்கலாமா என்று அவளே கேட்டாள். கூடாது. முதல் அத்தியாயத்தில் மனநல ஆலோசகராக இருக்கும் சிபில், அடுத்தடுத்த அத்தியாயங்களில் தொழிலை மாற்றிக்கொண்டே போகிறார். வரிசையாக ஆடுபவருக்குத்தான் சிபிலின் அறைக் கதவைத் திறக்கும்போதெல்லாம் சிரிப்பு வரும்.