பி.ஏ. இசை தியரி தாளுக்கு ஒரு குறுக்கு வழி

பி.ஏ.வில் கர்நாடக இசை எடுத்தவர்களில் பலர் பாட்டில் கலக்கிவிட்டு, தியரி தாளில் தடுமாறுவார்கள். 72 மேளகர்த்தா ராகங்களை (தாய் ராகங்களை) உட்கார்ந்து மனப்பாடம் செய்வது வீண் வேலை. ராகத்தின் பெயரிலேயே அதன் எண் ஒளிந்திருக்கிறது. எழுத்துக்கு எழுத்து எண் தரும் கடபயாதி முறையில் முதல் இரண்டு எழுத்துகளுக்கு எண் போட்டுத் திருப்பிப் படித்தால் போதும்.

மேசகல்யாணியில் மே 5, ச 6. திருப்பினால் 65. 36-க்கு மேல் போனால் பிரதி மத்யமம், அதாவது 'ம' ஸ்வரத்தின் உயர்ந்த வகை. 65-இல் 36-ஐக் கழித்தால், மத்யமம் மட்டும் வேறான அதன் ஜோடி ராகம் வரும்: 29, அது தீரசங்கராபரணம். ஆக, சங்கராபரணத்தில் மத்யமத்தை மட்டும் மாற்றினால் கல்யாணி. ஸ்வரங்களும் கையோடு வந்துவிட்டன!

தமிழில் எழுதிப் படிப்பவர்கள் இடறுவது ஓர் இடத்தில்தான். நமக்கு ஒரே 'க'. கணக்கிலோ நான்கு: க 1, அழுத்திச் சொல்லும் க 2, கனகம் என்பதில் கடைசியாக வரும் மென்மையான க 3, அதையே அழுத்தினால் 4. கரகரப்பிரியாவின் முதல் 'க' அழுத்தமானது, அதனால் 2. அடுத்து ர 2. எண் 22. முதல் 'க'வை 1 என்று போட்டால் 21, கீரவாணிக்குப் போய்விடுவீர்கள். அதனால் பெயர்களை உச்சரிப்போடு, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

அப்புறம், 'க்ர' போன்ற கூட்டெழுத்தில் கவனம். சக்ரவாகத்தில் இரண்டாவதாக 'க'வைத்தான் எடுக்க வேண்டும், 'ர'வை அல்ல. எண் 16.