மீன் மீண்டு வர, கடலில் ஓரிடத்தை ஊரே ஒதுக்கி வைப்பது எப்படி?

மீன்பாடு ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருவதைக் காணும் ஒரு கடலோர ஊர், அரசாணை வரட்டும் என்று காத்திராமல், தன் கடலின் ஒரு சிறு பகுதியில் தானாகவே மீன்பிடிப்பை நிறுத்திக்கொள்ள முடியும். அதை எப்படிச் செய்வது, எங்கே தவறு நேரும் என்பதை அறிய விரும்புவோர், பிலிப்பைன்ஸின் சுமிலோன், ஆப்போ ஆகிய இரண்டு சிறு தீவுகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். சிலிமன் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியலாளர் ஏஞ்சல் அல்காலாவும் அவருடைய குழுவினரும் சுமிலோனில் 1974-இலும் ஆப்போவில் 1982-இலும் மீன்பிடியற்ற பகுதி உருவாக வழி செய்தார்கள். சுமிலோனின் காப்பு பத்தே ஆண்டுகளில் குலைந்தது. ஆப்போவில் ஊரார் இன்றுவரை அதைக் காத்து வருகிறார்கள்.

முதல் வேலை வரைபடம் போடுவது அன்று, பேசுவது. ஓரிடத்தை மூடினால் நாளைக்கே யாருடைய உலையில் அரிசி குறையுமோ அவர்கள்தாம் முதலில் கூட்டத்தில் உட்கார வேண்டும். தூண்டில்காரர், வலைக்காரர் மட்டுமல்லாமல், வற்றுநீரில் இறங்கிச் சிப்பியும் நண்டும் பொறுக்கும் பெண்களும் அவர்களில் அடங்குவர். இவர்களை விட்டுவிட்டு எடுத்த முடிவு முதல் மாதத்திலேயே மீறப்படும். ஆப்போவில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பேச்சு நடந்தது. அதன் பிறகும் ஊர் முழுவதும் இசையவில்லை. பதினான்கு குடும்பங்கள் மட்டுமே முன்வந்தன. அவர்கள் தொடங்கினார்கள், மற்றவர்கள் பலனைக் கண்ட பிறகு சேர்ந்துகொண்டார்கள். எனவே எல்லோரும் ஒத்துக்கொள்ளும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் எதிர்ப்பவர் மனத்தில் உள்ள குறையைக் கேட்காமலும் தொடங்கக் கூடாது.

அடுத்தது இடம். மீனே இல்லாத, யாருக்கும் பயன்படாத மூலையை விட்டுக்கொடுப்பது எளிது. அதனால் நன்மையும் இல்லை. உயிருள்ள பவளமும் மறைவிடங்களும் உள்ள, ஆனால் பிடித்துப் பிடித்து மீன் அருகிப்போன பவளப்பாரையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஆப்போவின் குடும்பங்கள் தேர்ந்தது அப்படிப்பட்ட இடந்தான்: கரையோரமாக ஏறக்குறைய 450 மீட்டர் நீளம், தீவைச் சுற்றியுள்ள பவளப்பாரில் பத்தில் ஒரு பங்கு. கடற்கரையில் உட்கார்ந்திருக்கும் ஒரே ஆள் முழுப் பகுதியையும் கண்ணால் காவல் காக்க முடிந்ததால், குடும்பங்கள் முறை வைத்துக் காவலிருந்தன. படகுக்கும் எரிபொருளுக்கும் செலவு இல்லை. இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த ஒரு வசதிக்கு நான் மற்றெல்லாவற்றையும்விட அதிக மதிப்புக் கொடுப்பேன். காக்க முடியாத பெரிய பரப்பைக் காட்டிலும் காக்க முடிந்த சிறு பரப்பு மேல்.

இந்த ஏற்பாடு எந்த மீனுக்குப் பொருந்தும் என்பதையும் ஊராருக்கு உண்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஓரிடத்திலேயே வாழும் களவா, கிளி மீன், சங்கு, சிப்பி போன்றவற்றுக்கு இது கைகொடுக்கும்; கூட்டங்கூட்டமாக ஊர்விட்டு ஊர் செல்லும் மத்தி, சூரை போன்றவற்றுக்குச் சிறு காப்பிடத்தால் பெரிய பயன் இல்லை. களவாவையே எடுத்துக்கொள்வோம். பல களவா இனங்கள் பெண்ணாக வளர்ந்து, பெருத்த பின்பே ஆணாக மாறுகின்றன. பெரிய மீன்களை மட்டும் பொறுக்கிப் பிடித்தால் ஆண் மீனுக்கே பஞ்சம் வந்துவிடும். பெண் மீனிலும், உடல் நீளம் இரு மடங்கானால் முட்டை அதைவிடப் பல மடங்கு பெருகும். பெரிய மீனைப் பெரிதாகவே வாழவிடும் ஓரிடம் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த காரணம் தேவையில்லை.

விதிகள் குறைவாகவும் ஐயத்துக்கு இடமில்லாமலும் இருக்க வேண்டும். உள்ளே எந்த வலையும் இல்லை, தூண்டிலும் இல்லை, நங்கூரம் போடுவதும் இல்லை. “வீட்டுச் சமையலுக்கு மட்டும்” என்ற ஒரு விலக்கைக் கொடுத்தால், அந்த வழியாகவே எல்லாரும் நுழைவார்கள். எல்லையை மிதவையாலும் கரையிலுள்ள நிலையான அடையாளங்களாலும் குறித்து, தண்டம் எவ்வளவு, அதை யார் வசூலிப்பது, எதற்குச் செலவிடுவது என்பவற்றை எழுதிப் படித்துக்காட்ட வேண்டும்.

ஊர்க் கட்டுப்பாடு ஊராரைத்தான் கட்டும். வெளியூர்ப் படகைக் கட்டாது. தமிழகக் கிழக்குக் கரையில், ஊர்ப் பஞ்சாயத்து சொன்னால் ஒரு வலை கடலில் இறங்காது என்ற வழக்கம் இன்னும் பல ஊர்களில் உண்டு. ஆனால் அந்தச் சொல் அடுத்த மாவட்டத்து விசைப்படகுக்குச் செல்லாது. ஆப்போவின் முடிவுக்கு 1985-இல் உள்ளாட்சியின் சட்ட ஒப்புதல் கிடைத்ததும் காவலுக்கு வலு வந்தது. ஊர் முதலில் முடிவெடுத்து, பிறகு உள்ளாட்சியையும் மீன்வளத் துறையையும் அணுகுவதே சரியான வரிசை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கடலில் நடைமுறையில் உள்ள 61 நாள் தடைக்காலத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது: அது காலத்தை மூடுவது, இது இடத்தை மூடுவது.

மூடுவதற்கு முந்திய நாளிலேயே கணக்கெடுப்பைத் தொடங்க வேண்டும். இல்லையென்றால் பிற்பாடு ஒப்பிட எதுவும் இருக்காது. பிஜியின் உகுனிவனுவா கிராமத்தார் 1997-இல் 24 ஹெக்டேர் சேற்றுப் பரப்பையும் கடற்புல்வெளியையும் மூன்று ஆண்டுகளுக்கு மூடியபோது, 500 மீட்டர் நீளத்துக்குக் கயிறு இழுத்து, பத்து மீட்டருக்கு ஒன்றாக ஒரு சதுர மீட்டர் சட்டகத்தை வைத்து, அதற்குள் கிடைத்த சிப்பிகளை அளந்து எண்ணினார்கள். எண்ணியவர்கள் அந்தக் கிராமத்தாரே. மூடிய இடத்திலும் அதன் பக்கத்திலும் சிப்பி பெருகியதைத் தங்கள் கையாலேயே எண்ணிப் பார்த்தவர்களுக்கு வேறு சான்று தேவைப்படவில்லை. உள்ளே ஒரு கயிறு, வெளியே ஒரு கயிறு, ஆண்டுதோறும் ஒரே பருவம், இது போதும்.

பொறுமைதான் கடினமான பகுதி. மடகாஸ்கரின் அந்தவதுவாக்காவில் 2004-இல் செய்ததுபோல், விரைந்து வளரும் பேய்க்கணவாய்க்காக (ஆக்டோபஸ்) சில மாதம் மூடித் திறப்பது ஊருக்கு நம்பிக்கை தரும் நல்ல தொடக்கம். பவளப்பார் மீனுக்கு அந்தக் கணக்கு செல்லாது. ஆப்போவின் காப்பிடத்தில், பாசி மேயும் மீன்களும் பாரை மீன்களும் சேர்ந்து எடையில் மூன்று மடங்காக 18 ஆண்டுகள் ஆயின. எல்லைக்கு வெளியே 200 மீட்டர் சுற்றளவிலும் அவை பெருகின. திறந்துவிட்டால் அதை இழக்கவோ அவ்வளவு காலம் தேவையில்லை. சுமிலோனில் 1984-இல் காப்பு நீங்கியதும், பிடிக்கும் பரப்பு கூடியிருந்தபோதிலும், ஒன்றரை ஆண்டிலேயே மொத்தப் பிடிப்பு 54 சதவீதம் சரிந்தது. “மீன் வந்துவிட்டதே, ஒரு வாரம் மட்டும் திறப்போம்” என்ற குரல் கட்டாயம் எழும். அதற்கான விடையைத் தொடக்கக் கூட்டத்திலேயே எழுதி வைத்திருக்க வேண்டும்.

ஊருக்குத் தெம்பு வந்த பிறகு இரண்டாவது இடம் ஒன்றையும், முதலாவதற்கு எதிர்த்திசைக் கரையில், ஒதுக்க முயல வேண்டும். 2011, 2012 ஆண்டுகளின் டிசம்பர்ப் புயல்கள் ஆப்போவின் காப்பிடத்துப் பவளத்தைப் பெரிதும் நொறுக்கின. ஒரே திசையிலிருந்து வரும் அலை இரண்டு கரைகளையும் ஒருசேர அழிப்பது அரிது.