பன்னா கோட்டா உறையாத கதை

இத்தாலியின் பீட்மாண்ட் பக்கத்து இனிப்பு பன்னா கோட்டா. பெயருக்கு ‘வெந்த கிரீம்’ என்று பொருள். அதை உறைய வைப்பது விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். எங்கள் வீட்டில் அது சேர்ப்பதில்லை என்பதால் கடற்பாசியிலிருந்து வரும் சைனா கிராஸ் (அகர் அகர்) பொடி போட்டேன். இளஞ்சூடான பாலில் கலந்து, ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தும் உறையவில்லை; அடியில் மணல் மாதிரி பொடி. ஜெலட்டினுக்கு அந்தச் சூடு போதும், இது கொதித்தால்தான் கரையும்.

அடுத்த முறை 250 மில்லி பாலில் 2 கிராம் பொடியைக் கிளறிக்கொண்டே 2 நிமிடம் கொதிக்கவிட்டேன். அப்புறம் சர்க்கரை, 250 மில்லி கிரீம். கிரீமும் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஜில்லென்று ஊற்றினால் கட்டி கட்டியாகிவிடும் (அதையும் பார்த்தாயிற்று). இந்தத் தடவை ஃபிரிட்ஜில் வைக்காமல் சமையல் மேடையிலேயே உறைந்தது. ஜெலட்டின் போல வாயில் கரையவில்லை, உண்மைதான். ஆனால் வெயிலிலும் இளகவில்லை.