துப்பாக்கியைக் கண்டுபிடித்தும் காப்புரிமையைக் கோட்டைவிட்டவர்கள்

தீபாவளிக்குப் பொட்டு வெடி வைத்துச் சுடும் பொம்மைத் துப்பாக்கி ஞாபகம் இருக்கிறதா? தட்டினால் பட்டென்று தீப்பற்றும் மருந்துதான் அதன் சூட்சுமம். அதே குணமுள்ள மருந்தைக் குட்டிச் செம்புத் தொப்பிக்குள் அடைத்து, சுத்தியல் அதன் மேல் விழுந்தால் துப்பாக்கி வெடிக்கும்படி செய்தார்கள். மழையில் நனைந்தால் மக்கர் பண்ணும் சக்கிமுக்கித் துப்பாக்கிகளின் காலம் அதோடு முடிந்தது.

இதைக் கண்டுபிடித்தது தான்தான் என்று உரிமை கோரியவர் ஜோஷுவா ஷா. துப்பாக்கிக் கொல்லர் இல்லை, இயற்கைக் காட்சி வரையும் ஆங்கிலேய ஓவியர். 1814 வாக்கிலேயே யோசனை கைவசம் இருந்தது. ஆனால் தட்டினால் எரியும் மருந்துக்கு ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத் 1807லேயே காப்புரிமை வாங்கி வழியை அடைத்துவிட்டார். ஷா 1817இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அங்கே வெளிநாட்டவர் இரண்டு வருஷம் குடியிருந்தால்தான் விண்ணப்பிக்கலாம் என்று அன்றைய சட்டம். சரி, 1819இல் போட்டிருக்கலாம். அவர் காப்புரிமை வாங்கியதோ 1822இல்.

அதற்குள் இங்கிலாந்தில், ரகசியமாக வைக்கும்படி அவர் சொல்லிவிட்டு வந்த விஷயம் ஒரு துப்பாக்கித் தயாரிப்பாளரிடம் போய்ச் சேர்ந்து, கடைக்கும் வந்துவிட்டது. காப்புரிமைப் பத்திரத்தின் விவரணையிலும் குறை; 1829இல் அதை ஒப்படைத்துத் திருத்தி வாங்க வேண்டியிருந்தது. கடைசியில் 1833இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கையை விரித்தது: விண்ணப்பத்துக்கு முன்பே பொதுப் பயன்பாட்டுக்கு வந்த பொருளுக்குக் காப்புரிமை செல்லாது. யார் கசியவிட்டார் என்பது பெரிதில்லை, தெரிந்ததும் உரிமையாளர் உடனே கிளம்பியிருக்க வேண்டும் என்றது. எனக்கென்னவோ, ஷாவைக் கவிழ்த்தது திருட்டைவிட அந்த மூன்று வருஷ மெத்தனம்தான்.

இன்று இந்தியாவில் அவ்வளவு காத்திருக்க அவசியமே இல்லை. கண்டுபிடிப்பின் முதல்கட்ட விளக்கமான தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்து தேதியைப் பிடித்துக்கொள்ளலாம். முழு விவரத்தைக் கொடுக்க 12 மாதம் உண்டு. நண்பரிடம் காட்டுவது, வீடியோ போடுவது எல்லாம் அதற்கு அப்புறம்.

காப்புரிமை கையில் இருந்தும் ஏமாந்தவர் அமெரிக்கரான ரோலின் வைட். ரிவால்வரின் சுழல் உருளையை முன்பக்கம் முதல் பின்பக்கம் வரை துளைத்துவிட்டால் தோட்டாவைப் பின்னாலிருந்தே போடலாம். 1855இல் இதற்கு உரிமை பெற்றார். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் ஒரு துப்பாக்கிக்கு 25 சென்ட் தருவதாக ஒப்பந்தம் போட்டது. கூடவே ஒரு வரி: யாராவது காப்பியடித்தால் வழக்கு நடத்துவது வைட்டின் பொறுப்பு. உள்நாட்டுப் போர் வந்து ரிவால்வர்கள் சுடச்சுட விற்றன, காப்பியடித்தவர்களும் பெருகினார்கள். வந்த காசில் பெரும்பகுதி வக்கீல்களுக்குப் போனது. 1869இல் காலாவதியான உரிமையை நீட்டிக்க நாடாளுமன்றத்தை நாடினார்; 1870இல் ஜனாதிபதி கிராண்ட் மறுத்துவிட்டார். ஒப்பந்தத்தில் ராயல்டி தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர்கள் அந்த ஒரு வரியை நினைத்துக்கொள்ளலாம்.

சோவியத் ஆயுத வடிவமைப்பாளர் கலாஷ்னிகோவின் கதை வேறு. 1949இல் சோவியத் ராணுவம் ஏற்ற ஏகே-47 உலகெங்கும் நகலெடுக்கப்பட்டது. வடிவமைத்தவருக்கு ராயல்டி கிடையாது. அந்த அமைப்பில் அது அரசின் சொத்து. அதைத் தனிமனிதரின் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் அரசாங்க ஆய்வகத்திலோ கம்பெனியிலோ வேலை பார்ப்பவர், கண்டுபிடிப்பு யார் பெயரில் போகும் என்று நியமனக் கடிதத்தில் முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

நம் ஊர்க்காரர்கள் சறுக்கும் இடம் இன்னொன்று உண்டு. இந்தியாவில் வசிப்பவர், எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் நேரடியாக வெளிநாட்டில் விண்ணப்பிக்கக் கூடாது. அனுமதி வாங்காவிட்டால், முதலில் இங்கே தாக்கல் செய்து ஆறு வாரம் கழிந்திருக்க வேண்டும். இது காப்புரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு. பாதுகாப்புத் துறை சார்ந்த கண்டுபிடிப்பு என்றால் அந்த அனுமதிக்கு மத்திய அரசின் சம்மதம் வேண்டும். வெளியிடாதே என்று ரகசிய உத்தரவும் போடலாம்; போட்டால் அந்த ஆறு வாரக் கணக்கும் பலிக்காது. இதோடு, காப்புரிமை என்பது துப்பாக்கி தயாரிக்கும் உரிமம் அல்ல. ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வீட்டுப் பட்டறையில் ஒரு மாதிரி செய்து பார்த்தாலும் வழக்கு பாயும்.