சபை அலுவலகத்தின் ஹோல்டு இசை: எங்கே தவறு நடக்கிறது

ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டும் என்று ஒருவர் சபை அலுவலகத்துக்கு போன் செய்கிறார். "கொஞ்சம் லைனில் இருங்க" என்றதும் ஒரு பாட்டு ஓடுகிறது. அதை யார் ஏற்றினார்கள், எங்கிருந்து எடுத்தார்கள் என்று கேட்டால் பல அலுவலகங்களில் பதில் இருக்காது. சிங்கப்பூரில் நம் தமிழ்ச் சபைகள் இதைச் சரிசெய்துகொள்வது அவசியம். பாட்டு எழுதிப் பிழைப்பவர்களில் நம் விசுவாசிகளும் இருக்கிறார்கள்.

அடிக்கடி கேட்கும் பதில், "நம்மிடம்தான் லைசென்ஸ் இருக்கிறதே" என்பது. பெரும்பாலும் அது சி.சி.எல்.ஐ. என்ற கிறிஸ்தவப் பாடல் உரிம அமைப்பு தரும் உரிமமாக இருக்கும். சபையார் சேர்ந்து பாடுவதற்காகப் பாடல் வரிகளைத் திரையில் காட்டவும் அச்சிடவும் தரப்படுவது அது. தொலைபேசியில் ஒலிப்பதிவை ஓடவிடுவது வேறு பயன்பாடு. ஸ்பாட்டிஃபை சந்தாவும் அப்படித்தான்: சொந்தக் காதுக்கு மட்டும். வானொலியை லைனில் இணைத்துவிடுவதும் வழியல்ல.

"ஒரே ஒருவர்தானே கேட்கிறார், இதில் என்ன?" என்பார்கள். ஆஸ்திரேலியாவில் இதே கேள்வி டெல்ஸ்ட்ரா என்ற தொலைபேசி நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில் எழுந்தது. ஹோல்டு இசைக்கும் உரிமம் தேவை என்று அந்நாட்டின் தலைமை நீதிமன்றம் 1997-ல் தீர்ப்பளித்தது. அது நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் தனியொருவர் கேட்கிறார் என்ற வாதத்தை நம்பி உட்கார வேண்டாம்.

அடுத்தது பழைய கீர்த்தனைகள். வேதநாயக சாஸ்திரியார் 1864-ல் மறைந்தவர். இங்கே பதிப்புரிமை படைத்தவரின் ஆயுளுக்குப் பின் 70 ஆண்டுதான், எனவே அவர் வரிகளை யாரும் பாடலாம். ஆனால் அதை ஒரு பாடகர் சில ஆண்டுகளுக்கு முன் பாடி வெளியிட்ட ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு, புதிய இசையமைப்புக்கும் உண்டு. பாட்டு பழையது, பதிவு புதியது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் நல்லெண்ணத்தோடு செய்பவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். உரிமம் வாங்கும்போதும் பாட்டு, பதிவு இரண்டுக்கும் கேட்க வேண்டும். பாட்டுக்கு, பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்கள் சார்பில் உரிமம் தரும் காம்பாஸ் அமைப்பை அணுகலாம், பதிவுக்கு அதை வெளியிட்டவர்களை. எத்தனை லைன் என்பதை எழுதிவைத்துக்கொண்டு பேசுங்கள்.

"அப்போ நாமே பாடிப் பதிவு செய்துவிடலாம்" என்பது நல்ல யோசனை, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். ஆனால் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. சபை பணம் கொடுத்து ஒரு ஸ்டூடியோவில் பதிவு செய்தால் அந்தப் பதிவு சபைக்குச் சொந்தம் என்று நினைக்கிறோம். 2021 நவம்பர் 21-ல் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்தில் வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், உரிமை பதிவை உருவாக்கியவருக்கே போகும். காசு கொடுத்தவருக்கு அல்ல. ஆகவே பதிவுக்கு முன்பே ஒரு பக்க ஒப்பந்தம் போடுங்கள்: பதிவின் உரிமை சபைக்கு, தொலைபேசி, இணையம், ஆராதனை எல்லாவற்றிலும் பயன்படுத்தலாம். பாடகர் குழுவினரிடமும் வாத்தியம் வாசித்தவர்களிடமும் தனித்தனியாகக் கையெழுத்து வாங்குங்கள். அவர்கள் தொண்டூழியர்கள் என்பதால் அனுமதி தானாக வந்துவிடாது.

ராயல்டி இல்லாத இசை என்று விற்கப்படுவதற்கும் நிபந்தனைகள் உண்டு. வீடியோவுக்கு மட்டும் தருகிறார்களா, தொலைபேசிக்கும் தருகிறார்களா என்று உரிம வாசகத்தில் தேடுங்கள். படைத்தவர்களே சில நிபந்தனைகளோடு பொதுப் பயன்பாட்டுக்குத் தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் இசையில் படைத்தவர் பெயரைச் சொல்ல வேண்டியிருந்தால், சபையின் இணையதளத்தில் ஒரு வரி போட்டால் பெரும்பாலும் போதும். போன் சிஸ்டத்தோடு வந்த இசையா? சரி, அது உரிமத்தோடு வந்ததா என்று விற்றவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இசையைத் தேர்ந்தெடுக்கும்போது காதையும் பாருங்கள். பழைய வகைத் தொலைபேசி இணைப்பு ஏறக்குறைய 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். மிருதங்கத்தின் கனமும் ஜால்ராவின் பளபளப்பும் காணாமல் போய், நிறைந்த இசைக்குழு இரைச்சலாகக் கேட்கும். தனிப் புல்லாங்குழலோ எளிய பியானோவோ தெளிவாக நிற்கும். காசு கொடுத்து உரிமம் வாங்கும் முன் ஒரு கைபேசியில் கூப்பிட்டுக் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், தாள்கள். உரிமம் ஒரு தொண்டூழியரின் சொந்த மின்னஞ்சலில் எடுக்கப்பட்டிருந்தால், அவர் வேறு சபைக்குப் போனதும் ரசீதும் போய்விடும். சபையின் பெயரில் வாங்கி, ரசீது, உரிம வாசகம், கோப்பின் பெயர் மூன்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். முடிவுத் தேதியைப் பொருளாளரின் நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.